பொன்னாட்டில் பசி

1932-ஆம் ஆண்டுக் குளிர்காலம். அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில் உழவர் பலர் தம் வீட்டு அடுப்பில் மக்காச்சோளத்தைக் கொட்டி எரித்தனர். பித்துப் பிடித்துவிட்டதோ என்று கேட்பீர்கள். இல்லை; கணக்குப் பார்த்துத்தான் எரித்தனர். சோளத்தை விற்று வரும் காசில் குளிருக்கு வேண்டிய நிலக்கரியை வாங்க முடியவில்லை. ஆகவே சோளம் விறகாயிற்று! அதே குளிர்காலத்தில், நியூயார்க்கிலும் சிகாகோவிலும், ஒரு துண்டு ரொட்டிக்கும் ஒரு குவளைக் கஞ்சிக்கும் தெருக்கோடி வரை வரிசை நின்றது. நின்றவர்கள் பரம்பரைப் பிச்சைக்காரர்கள் அல்லர். எஃகு உருக்கிய கைகள், மோட்டார் முடுக்கிய கைகள், கணக்கெழுதிய கைகள், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கைகள் — அந்தக் கைகள் திருவோடு ஏந்தின.

பஞ்சம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். வானம் பொய்க்கும், ஏரி வெடிக்கும், நெற்குதிர் காலியாகும், மக்கள் மடிவர். இங்கோ நெற்குதிர் நிரம்பியிருந்தது. கோதுமை விலை புஷல் என்னும் அளவைக்கு 40 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. பருத்தி வாங்க ஆளில்லை. விளைந்தது விலைபோகாமையால் உழவன் அழிந்தான். விளைந்ததை வாங்கக் காசில்லாமையால் நகரத்தான் பசித்தான். இருவருக்கும் நடுவே நின்றது இயற்கையின் சீற்றமன்று. மனிதர் வகுத்த ஏற்பாடு.

இந்த ஏற்பாடு எப்படி முறிந்தது, முறிந்ததை அரசு எப்படி ஒட்டவைத்தது, ஒட்டும்போது யாரை வெளியே தள்ளிக் கதவடைத்தது — இவற்றைக் காண்பது நமக்குப் பயன் தரும். நான் பாடம் நடத்தும் வரலாற்று நூலில் இந்தப் பத்தாண்டுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒன்றரைப் பக்கம். அதிலும் பாதி ரூஸ்வெல்ட்டின் படம். ஆகவே சற்று விரித்தே சொல்ல எண்ணுகிறேன்.

1920-களில் அமெரிக்கா செல்வத்தில் திளைத்தது. பொறிகள் பெருகின, பொருள்கள் பெருகின, ஆதாயம் பெருகியது, கூலி மட்டும் அந்த வேகத்தில் பெருகவில்லை. உற்பத்தி செய்தவனிடம் உற்பத்தியை வாங்கக் காசு போதவில்லை. அந்தக் குறையைத் தவணை முறை மறைத்தது. வானொலிப் பெட்டி தவணையில், மோட்டார் தவணையில். பங்குகளையும் விலையில் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, மீதிக்குக் கடன் சொல்லி வாங்கினர். உழவனோ, முதல் உலகப் போர்க் காலத்து நல்ல விலையை நம்பி நிலத்துக்கும் கருவிக்கும் வாங்கிய கடனில் அப்போதே மூழ்கிக் கொண்டிருந்தான். மாளிகையின் மாடியில் ஆட்டம் நடந்தது. அடித்தளத்தில் நீர் புகுந்துகொண்டிருந்தது.

1929 அக்டோபர் 24, வியாழக்கிழமை, நியூயார்க் பங்குச் சந்தையில் விலைகள் சரிந்தன. 29-ஆம் நாள், செவ்வாயன்று, ஒரே நாளில் 1 கோடி 60 இலட்சம் பங்குகளுக்கு மேல் கைமாறின. விற்பவரே எங்கும், வாங்குபவர் எங்கே? 1929 செப்டம்பரில் 381 என நின்ற டவ் ஜோன்ஸ் குறியீட்டெண், 1932 ஜூலையில் 41-க்கு வந்து நின்றது. பலர் கதையை இத்துடன் முடித்துவிடுவர். சூதாடிகள் தோற்றனர், நாடு வீழ்ந்தது என்பர். அது முழு உண்மை அன்று. சூதாடியவர் சிலர், வீழ்ந்தவர் கோடிப்பேர். சிலர் தோல்வியைக் கோடிப்பேர் அழிவாக மாற்றியவை இரண்டு: ஒன்று மதில், மற்றொன்று பாங்கு.

மதில் என்று நான் கூறுவது 1930 ஜூன் 17-இல் கையெழுத்தான சுங்கச் சட்டத்தை. ஸ்மூட், ஹாலே என்னும் இருவர் பெயரால் வழங்குவது. வெளிநாட்டுப் பொருள் உள்ளே வந்தால்தானே நம் தொழிலாளிக்கு வேலை போகிறது? வரியை உயர்த்து, வாயிலை அடை! இதுதான் வாதம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. கையெழுத்திட வேண்டாமென்று 1,028 பொருளாதார அறிஞர்கள் குடியரசுத் தலைவர் ஹூவருக்கு விண்ணப்பம் அனுப்பினர். ஹூவர் கேட்கவில்லை. கானடா பதில் வரி போட்டது. ஐரோப்பா பதில் வரி போட்டது. முன்னமேயே ஒரு விந்தையான வட்டம் சுழன்று கொண்டிருந்தது: அமெரிக்கா ஜெர்மனிக்குக் கடன் கொடுக்கும், ஜெர்மனி அதை எடுத்துப் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் இழப்பீடு கட்டும், அவை அதையே அமெரிக்காவுக்குப் போர்க்கடனாகத் திருப்பும். அமெரிக்கக் கடன் நின்றது. அமெரிக்கச் சந்தையும் அடைபட்டது. தன்னிடம் விற்க விடாதவனுக்கு அவன் தரவேண்டிய கடனை எங்கிருந்து தருவான்? தன்னிடம் விற்க முடியாதவன் தன்னிடம் எதைக் கொண்டு வாங்குவான்? 1929-இல் 234 கோடி டாலருக்கு ஐரோப்பாவுக்குப் பொருள் விற்ற அமெரிக்கா, 1932-இல் 78 கோடி டாலருக்குத்தான் விற்றது. மதில் வெளியாரைத் தடுத்தது உண்மை. உள்ளிருந்தவன் சரக்கையும் சேர்த்தே தடுத்தது!

அந்த வீழ்ச்சி எத்துணைத் தொலைவு எட்டியது என்பதற்கு ஒன்று சொல்வேன். 1929-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 53 இலட்சம் மோட்டார் வண்டிகள் செய்தன; 1932-இல் 14 இலட்சத்துக்கும் குறைவு. வண்டி குறைந்தால் டயர் குறையும். டயர் குறைந்தால் இரப்பர் விலை விழும். விழுந்தது. மலாயாத் தோட்டங்களில் பால் வடித்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர், தேவையில்லை என்று கப்பலேற்றப்பட்டு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். டெட்ராயிட் என்ற ஊரின் பெயரைக் கூட அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இனி பாங்கு. நியூயார்க்கில் 'ஐக்கிய நாடுகளின் பாங்கு' என்ற பெயரில் ஒரு தனியார் பாங்கு இருந்தது. பெயரைக் கண்டு, அரசாங்கப் பாங்கு என்று மயங்கியோர் உண்டு. சிறு வணிகரும், தையல் தொழிலாளரும், ஐரோப்பாவிலிருந்து குடியேறி உழைத்துச் சேர்த்தவரும் அதில் பணம் போட்டிருந்தனர். 1930 டிசம்பர் 11-இல் அது கதவை மூடிற்று. பாங்கின் இயல்பை எண்ணிப் பாருங்கள்: போட்ட பணம் பெட்டியில் உறங்குவதில்லை; கடனாக வெளியே உலவுகிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால், நல்ல பாங்கும் நொடித்துப்போகும். பாங்கு நொடிக்கும் என்று அஞ்சி ஓடுவோர், ஓடுவதாலேயே அதை நொடிக்க வைப்பர். 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 பாங்குகள் மாண்டன. முதியவரின் சேமிப்பு, விதவையின் ஆதரவு, மகனின் படிப்புப் பணம் — எல்லாம் போயின. 1933-இல் வேலை தேடுவோரில் நால்வருக்கு ஒருவர், ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் பேர், வேலையின்றி நின்றனர்.

அப்போது நாட்டை ஆண்ட ஹெர்பர்ட் ஹூவர் கொடியவர் அல்லர். முதல் உலகப் போரில் பட்டினி கிடந்த பெல்ஜிய மக்களுக்கு உணவு திரட்டி அனுப்பிப் புகழ் பெற்றவர் அவரே. பின் ஏன் சொந்த மக்களின் பசிக்கு முன் தயங்கினார்? கொள்கை! பசித்தவனுக்கு அண்டை வீட்டார் கொடுக்கலாம், அறச்சாலை கொடுக்கலாம், நகராட்சி கொடுக்கலாம். மத்திய அரசு கொடுத்தால் குடிமகனின் தன்மானம் கெட்டுவிடும் என்று அவர் உளமார நம்பினார். அந்தத் தன்மான விதி 1932 ஜனவரியில் பாங்குகளுக்கும் இரயில் கம்பெனிகளுக்கும் மத்திய அரசு கடன் கொடுக்கச் சட்டம் செய்தபோது குறுக்கே வரவில்லை. அவருடைய நிதி அமைச்சர் மெலன், பெருஞ்செல்வர், நோய் தானே முற்றி வடியட்டும் என்ற கருத்தினர் என ஹூவரே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். நம் நாட்டில் இதைத் தலைவிதி என்பார்கள். அவர்கள் பொருளாதார நியதி என்றார்கள். பட்டினி கிடப்பவனுக்கு இரண்டும் ஒன்றே.

நகரங்களின் ஓரத்தில் தகரத்தாலும் அட்டையாலும் எழுந்த குடிசைச் சேரிகளுக்கு மக்கள் 'ஹூவர்வில்' என்று பெயரிட்டனர். போர்த்திப் படுத்த பழைய செய்தித்தாளுக்கு 'ஹூவர் கம்பளி' என்று பெயர்! உழவர்கள் வேறொரு வழி கண்டனர். கடனுக்கு நிலம் ஏலத்துக்கு வரும். ஊரார் திரண்டு வருவர். ஒருவர் ஐந்து சென்ட் என்பார், இன்னொருவர் பத்து சென்ட் என்பார். அதற்குமேல் கேட்கத் துணியும் வெளியாரை முறைத்துப் பார்ப்பர், அவ்வளவுதான். மாடும் ஏரும் சில டாலருக்கு ஏலம் போகும்; எடுத்தவர் அதை உரியவனிடமே திருப்பித் தந்துவிடுவார். சட்டம் மீறப்படவில்லை, நீதி நிலைநாட்டப்பட்டது!

ஹூவர் ஆட்சியின் முகத்தில் அழியாக் கறை படிந்தது 1932 ஜூலை 28-இல். முதல் போரில் போரிட்ட வீரர்களுக்கு 1924-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஊக்கத்தொகை அறிவித்திருந்தது. ஆனால் கைக்கு வருவது 1945-இல். பசிக்கிறது, இப்போதே கொடுங்கள் என்று கேட்க, குடும்பத்தோடும் குழந்தையோடும், சரக்கு இரயிலில் தொற்றியும் நடந்தும், பல்லாயிரம் பேர் வாஷிங்டன் வந்து சேர்ந்தனர். கீழ்ச்சபை இசைந்தது, செனட் சபை மறுத்தது. ஆற்றங்கரையில் அனகோஸ்டியாச் சேற்றுவெளியில் குடிசை போட்டுக் காத்திருந்தனர். படையில் கறுப்பு, வெள்ளை எனப் பிரித்து வைக்கப்பட்டிருந்த அவர்கள், இந்தச் சேற்றில் பிரிவினையின்றிக் கலந்து வாழ்ந்தனர் என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். ஜூலை 28 காலையில் போலீசாருடன் கைகலப்பு. வீரர் இருவர் சுடப்பட்டு மாண்டனர். மாலையில் படை வந்தது. தலைமை ஏற்றவர் தளபதி மெக்கார்தர். குதிரைப்படை, டாங்கிகள், கண்ணீர்ப் புகை. பிரான்சில் நச்சுப் புகையைத் தாங்கிய மார்புகள் தம் சொந்தத் தலைநகரில் புகைக்கு மூச்சுத் திணறின. குடிசைகள் எரிந்தன. நவம்பர்த் தேர்தலில் ஹூவருக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்குகள் 59. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 472.

ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4-இல் பதவி ஏற்றார். இரண்டே நாளில் நாடெங்கும் பாங்குகளை மூட ஆணையிட்டார். 9-ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. கணக்கைப் பார்த்து, நல்லவற்றை மட்டும் திறக்க ஏற்பாடு. 12-ஆம் நாள், ஞாயிறு இரவு, வானொலியில் பேசினார். முழக்கமன்று, அடுக்குமொழியன்று. பாங்கு எப்படி நடக்கிறது, ஏன் மூடினேன், எவை நாளை திறக்கும் என்று, பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போல் விளக்கினார். மறுநாள் பாங்குகள் திறந்தபோது, எடுக்க வந்தவரைவிடப் போட வந்தவர் மிகுதி! மேடைப் பேச்சில் நாட்டமுடைய நம் தோழர்கள் அந்தப் பேச்சைத் தேடிப் படிக்க வேண்டும். மக்களுக்குப் புரியாது என்று எண்ணி எதையும் மறைக்காத பேச்சு அது. அந்த ஆண்டு ஜூன் மாதமே, சிறு சேமிப்புக்கு அரசே காப்பீடு தரும் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கில் பாங்குகள் மடிந்த நாட்டில், 1934-இல், காப்பீடு பெற்றவற்றுள் மடிந்தவை 9. விதி, நியதி என்று சொல்லப்பட்டது, ஒரு சட்டத்தின் முன் பணிந்தது.

அவருடைய அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றவர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ். அமெரிக்க வரலாற்றில் அமைச்சரான முதல் பெண்மணி. 1911 மார்ச் 25-இல் நியூயார்க்கில் டிரயாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை பற்றி எரிந்தபோது, தெருவில் நின்று கண்ணால் கண்டவர். ஒரு வாயிற்கதவு பூட்டிக் கிடந்தது. ஒன்பதாம் மாடியிலிருந்து பெண்கள் குதித்தனர். மாண்டவர் 146 பேர். பெரும்பாலோர் குடியேறி வந்த இளம்பெண்கள். அன்று கண்டதை அந்த அம்மையார் மறக்கவில்லை. அமைச்சர் பதவிக்கு அழைத்தபோது, வேலையில்லாதோருக்கு உதவி, முதியோருக்கு உதவித்தொகை, வேலை நேரத்துக்கு எல்லை, குறைந்த கூலி, குழந்தை உழைப்புக்குத் தடை என ஒரு பட்டியலை முன்வைத்து, இவற்றுக்குத் துணை நிற்பீர்களா என்று ரூஸ்வெல்ட்டைக் கேட்ட பின்பே இசைந்தார். 1935 ஆகஸ்ட் 14-இல் சமூகக் காப்புச் சட்டம் வந்ததும், 1938-இல் குறைந்த கூலிச் சட்டம் வந்ததும் அந்தப் பட்டியலின் விளைவுகள்.

வேலைத் திட்டங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காடு வளர்க்கும் படையில் ஒன்பதாண்டுகளில் ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர் பணியாற்றினர். மாதம் 30 டாலர் கூலி, அதில் 25 வீட்டுக்கு அனுப்பப்படும். நட்ட மரங்கள் 300 கோடிக்கு மேல் என்று கணக்கு. டென்னசி ஆற்றில் அணைகள் எழுந்தன. பத்துப் பண்ணைகளில் ஒன்பதில் மின்விளக்கு இல்லாதிருந்த நாட்டில் சிற்றூர்களுக்குக் கம்பி ஓடியது. 1935-இல் தொடங்கிய பொதுப்பணித் திட்டம் 85 இலட்சம் பேருக்கு வேலை தந்தது. பள்ளியும் பாலமும் கட்டியதோடு, எழுத்தாளருக்கும் நாடகக் கலைஞருக்கும் கூடக் கூலி கொடுத்தது. முன்னாள் அடிமைகளாய் இருந்த முதியவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாடி, அவர்கள் வாய்மொழியை எழுதி வைத்ததும் அந்தத் திட்டத்தின் எழுத்தாளர் பிரிவே.

இவ்வளவையும் போற்றியபின், போற்ற முடியாததைச் சொல்லாமல் விடுவது வரலாறு ஆகாது.

பயிர் விலையை உயர்த்த வந்தது 1933 மே மாதச் சட்டம். விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்பது கணக்கு. ஆகவே 1 கோடி ஏக்கர் அளவு பருத்தியை உழுது புதைத்தனர். 60 இலட்சம் பன்றிகளை வளருமுன்பே கொன்றனர். உடுக்கத் துணியின்றி, உண்ண ஊனின்றி மக்கள் நின்ற ஆண்டில்! விலை ஏறியது உண்மை. ஆனால், பயிரிடாமல் விட்ட நிலத்துக்கு அரசு கொடுத்த பணம் யார் கைக்குப் போயிற்று? நிலக்கிழார் கைக்கு. வாரத்துக்கு உழுதவனுக்குப் பங்கு கொடு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது; எழுதியபடி நடந்த இடங்கள் அரியன. நிலம் தரிசானதும், உழுதவன் தேவையற்றவன் ஆனான். குடிசையைக் காலி செய் என்றனர். அர்க்கன்சா மாநிலத்தில் டைரோன்சா என்ற சிற்றூரின் அருகே, 1934 ஜூலையில், ஒரு பள்ளிக் கட்டடத்தில் பதினெட்டுப் பேர் கூடினர். வெள்ளையர் 11, கறுப்பர் 7. தனித்தனிச் சங்கமா, ஒரே சங்கமா என்று கேள்வி எழுந்தது. ஒரே சங்கம் என்று முடிவு செய்தனர்; தெற்கு அமெரிக்க மாநிலங்களில், அந்த நாளில், அது உயிரைப் பணயம் வைத்த முடிவு. தெற்கு வாரக்குடி உழவர் சங்கம் அப்படிப் பிறந்தது. அடித்தனர், சுட்டனர், கூட்டங்களைக் கலைத்தனர். அரசுப் பயிர்த்துறையில் இருந்த சட்ட அலுவலர் சிலர், குடிகளை வெளியேற்றக் கூடாது என்றே ஒப்பந்தத்துக்குப் பொருள் என்று ஆணை வரைந்தனர். 1935 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டவர்கள் அந்த அலுவலர்களே!

சமூகக் காப்புச் சட்டத்தைச் சற்று உற்று நோக்குங்கள். முதுமையில் உதவித்தொகை, ஆனால் வயலில் உழைப்போருக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் இல்லை. நிறம் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கறுப்பினத் தொழிலாளரில் மூவரில் இருவர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தனர். அவர்களிடம் வரி திரட்டுவது கடினம் என்று நிதித்துறை காரணம் சொன்னது. காங்கிரசுக் குழுக்களில் வீற்றிருந்த தென்மாநிலத் தலைவர்களோ, அந்தக் காரணத்தை முகமலர்ந்து ஏற்றனர். கறுப்பின உரிமைச் சங்கத்தின் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன், செனட் குழுவின் முன் நின்று, இது ஒரு சல்லடை, இதன் துளைகள் எம் மக்களில் பெரும்பாலோர் விழும் அளவுக்குச் செய்யப்பட்டுள்ளன என்ற பொருள்படச் சாட்சியம் சொன்னார். துளை அடைக்கப்படவில்லை. தொழிற்சங்க உரிமை தந்த அதே ஆண்டின் வாக்னர் சட்டத்திலும் அதே இரு விலக்குகள். கறுப்பரைக் கும்பல் கூடிக் கொல்வதைத் தடுக்க ஒரு மசோதா வந்தபோது, ரூஸ்வெல்ட் அதற்கு ஆதரவுக் குரல் கொடுக்கவில்லை; தென்மாநிலத்தார் பகைத்தால் மற்ற சட்டங்கள் நின்றுவிடும் என்று அஞ்சினார். பசி தீர்க்கும் சட்டங்களுக்கு அவர் செலுத்திய விலை அது. ஆனால் அந்த விலை அவர் பையிலிருந்து போகவில்லை.

அடுத்து, மதிலின் மறுபுறம்.

வேலையில்லை என்றதும் வெளியான் மேல் பழி போடுவது எந்நாட்டிலும் எளிது. 1930 செப்டம்பரிலேயே ஹூவர் அரசு, பொதுச் சுமையாகக் கூடியவர் எவருக்கும் நுழைவுச் சீட்டுத் தராதீர் என்று தூதரகங்களுக்கு உத்தரவு அனுப்பிற்று. மெக்சிகோவிலிருந்து வந்து பழம் பறித்தோரையும் இருப்புப்பாதை போட்டோரையும் இலட்சக்கணக்கில் இரயிலேற்றி எல்லைக்கு அப்பால் விட்டனர்; அவர்களுள் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். பிறந்த நாட்டிலிருந்தே நாடு கடத்தல்!

வெளிநாட்டுச் சண்டை நமக்கு ஏன் என்ற கொள்கை அப்போது ஓங்கியது. அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முதல் போரில் 1,16,000 அமெரிக்கர் மாண்டனர். நை என்ற செனட்டரின் குழு 1934 முதல் 1936 வரை விசாரித்து, படைக்கலம் விற்றோர் அந்தப் போரில் அடித்த கொள்ளை ஆதாயத்தை நாட்டுக்குக் காட்டியது. பிள்ளையைப் பலி கொடுத்த தாய், இனி வேண்டாம் என்று சொன்னால் அவளை யார் குறை சொல்ல முடியும்? மக்கள் வாக்கெடுப்பு இன்றிப் போர் தொடுக்கக் கூடாது என்ற திருத்தம் 1938 ஜனவரியில் கீழ்ச்சபையில் 188-க்கு 209 என்ற கணக்கில்தான் தடுக்கப்பட்டது. ஆனால், 1935 முதல் வரிசையாக வந்த நடுநிலைச் சட்டங்கள் செய்தது என்ன? அடிப்பவனுக்கும் படைக்கலம் இல்லை, அடிபடுபவனுக்கும் இல்லை என்றன. முன்னமேயே ஆயுதம் குவித்து வைத்திருந்தவனுக்கு இதனால் என்ன இழப்பு? முசோலினி எத்தியோப்பியாமீது பாய்ந்தான். எண்ணெய் படைக்கலம் ஆகாது என்பதால், இத்தாலிக்கு அமெரிக்க எண்ணெய் முன்னைவிட மிகுதியாகவே சென்றது. ஸ்பெயினில் மக்கள் தேர்ந்த குடியரசைப் பிராங்கோ எதிர்த்தான். அவனுக்கு இட்லரும் முசோலினியும் விமானம் கொடுத்தனர். குடியரசோ காசு கொடுத்தும் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்க முடியவில்லை. சீனத்தின்மீது குண்டு பொழிந்த ஜப்பானுக்கு 1940 வரை பழைய இரும்பும், 1941 கோடை வரை எண்ணெயும் விற்பனையாயின. ஒதுங்கி நின்றது மனிதநேயம், வாணிகம் ஒதுங்கவில்லை.

1939-இல் செனட்டர் வாக்னரும் ரோஜர்ஸ் அம்மையாரும், ஜெர்மனியிலிருந்து 20,000 குழந்தைகளை ஏற்க ஒரு மசோதா கொண்டுவந்தனர். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். எவர் வேலையையும் பறிக்க இயலாதவர்கள். மசோதா வாக்குக்கே வராமல் மடிந்தது. அந்த ஆண்டு மே 13-இல் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு புறப்பட்டது. பெரும்பாலோர் இட்லரிடமிருந்து தப்பிய யூதர். கியூபா ஒருசிலரை மட்டும் இறக்கவிட்டது. கப்பல் அமெரிக்கக் கரையோரமாக வந்தது. மியாமி நகர விளக்குகள் கப்பல் தளத்திலிருந்து தெரிந்தன. பயணிகள் ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தி அடித்தனர், பதில் இல்லை. அந்த ஆண்டுக்குரிய எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்றது சட்டம். கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம், ஹாலந்து ஆகியவை அவர்களைப் பங்கிட்டு ஏற்றன. அடுத்த ஆண்டே பின்னைய மூன்றும் இட்லர் காலடியில் வீழ்ந்தன. அந்தக் கப்பலில் வந்தோருள் 254 பேர் நாசிகள் நடத்திய பேரழிப்பில் மாண்டனர். வானொலியில் அத்துணை அன்போடு பேசிய அதே மனிதரின் ஆட்சியில்தான் இது நடந்தது. அவரை வெறுப்போரும் வழிபடுவோரும் ஒருங்கே எண்ண வேண்டிய செய்தி.

1940 செப்டம்பரில் 'அமெரிக்கா முதலில்' என்ற குழு அமைந்தது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சேர்ந்தனர். அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பெர்க் அதன் பெரும் பேச்சாளர். 1941 செப்டம்பர் 11-இல் டிமோயின் நகரில் பேசியபோது, நாட்டைப் போருக்கு இழுப்போர் என்று பிரிட்டிஷாரோடும் ரூஸ்வெல்ட் ஆட்சியோடும் யூதரையும் சேர்த்துக் குற்றம் சாட்டினார். அமைதி பேசத் தொடங்கிய இயக்கம் இனப்பழியில் வந்து நின்றது. மூன்று மாதம் கழியுமுன், டிசம்பர் 7-இல், பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன.

வேலையின்மை எப்போது ஒழிந்தது என்று என் மாணவர் கேட்பதுண்டு. உண்மையைச் சொல்ல வாய் கூசுகிறது. 1937-இல், நோய் தீர்ந்தது என்று எண்ணி ரூஸ்வெல்ட் செலவைக் குறைத்தார். நோய் உடனே திரும்பியது. 1940-இலும் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் வேலையில்லை. 1944-இல் நூற்றுக்கு இருவர் கூட இல்லை. பள்ளி கட்டவும் மரம் நடவும் அளந்து அளந்து கிள்ளிக் கொடுத்த காங்கிரசு, விமானமும் டாங்கியும் செய்ய அள்ளி அள்ளிக் கொடுத்தது. பணம் முன்பும் இருந்தது. செலவிட மனம்தான் இல்லை.

அந்தப் போர்த் தொழிற்சாலைகளும் தொடக்கத்தில் கறுப்பருக்குக் கதவடைத்தன. இரயில் தூங்கும் வண்டிகளில் பணி செய்த கறுப்பினத் தொழிலாளரின் சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப், 1941 ஜூலை முதல் நாள் வாஷிங்டனில் மாபெரும் பேரணி என்று அறிவித்தார். ரூஸ்வெல்ட் அழைத்துப் பேசினார். பேரணியைக் கைவிடக் கேட்டார். ஆணை வரட்டும், கைவிடுகிறேன் என்றார் ராண்டால்ஃப். ஜூன் 25-இல் ஆணை வந்தது: போர்த் தொழிலிலும் அரசுப் பணியிலும் இனம், நிறம் பார்த்து வேலை மறுக்கக் கூடாது. கும்பல் கொலைத் தடுப்பு மசோதாவுக்கு வராத துணிவு, பேரணி என்றதும் வந்தது.

சமூகக் காப்புச் சட்டத்தின் துளையை 1950-ஆம் ஆண்டுத் திருத்தம் ஓரளவும், 1954-ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஓரளவும் அடைத்தன; வயலில் உழைப்போரும் வீட்டு வேலை செய்வோரும் இருபது ஆண்டு காத்திருந்து உள்ளே வந்தனர். வாக்னர் சட்டத்தின் துளை அடைபடவே இல்லை. கலிபோர்னியா 1975-இல் தன் மாநிலத்து வயல் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் செய்துகொண்டது. மத்திய சட்டத்தில், 1935-இல் எழுதிய விலக்கு அப்படியே நிற்கிறது.